மே தினத் தியாகிகளுக்கு எந்தக் கல் நியாயம் செய்தது?

ஒரே ஓர் இரவை நினைவுகூரச் சிகாகோ மூன்று சின்னங்களை எழுப்பியிருக்கிறது. 1886 மே 4 அன்று ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டின் பெயரால் 1889இல் ஒரு போலீஸ்காரர் சிலை எழுந்தது. 1893இல், தூக்கிலிடப்பட்டவர்களின் கல்லறைமேல் ஒரு வெண்கலச் சிற்பம் வந்தது. 2004இல் சம்பவம் நடந்த தெருவிலேயே ஒரு பேச்சாளர் வண்டி, அதுவும் வெண்கலத்தில். எட்டு மணி நேர வேலைக்காக நின்றவர்களுக்கு உலகிலேயே முக்கியமான நினைவிடம் எது என்று கேட்டால் பலரும் இவற்றில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். எந்த ஒன்றை என்பதில்தான் வழக்கு இருக்கிறது. அந்த வழக்கு இன்றும் முடியாததற்குக் காரணம், மூன்றும் மூன்று வேறு கதைகளைச் சொல்வதுதான்.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 1886 மே முதல் நாள் அமெரிக்கா முழுவதும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சிகாகோ அதன் மையம். இல்லினாய் மாநிலத்தில் 1867லேயே எட்டு மணி நேரச் சட்டம் இருந்தது, ஏட்டில். மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டதில் குறைந்தது இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் மாலை ஹேமார்க்கெட்டில் கூட்டம். ஆகஸ்ட் ஸ்பீஸ், ஆல்பர்ட் பார்சன்ஸ், சாமுவேல் ஃபீல்டன் ஆகியோர் ஒரு சரக்கு வண்டியின் மேல் நின்று பேசினார்கள். மேயர் கார்ட்டர் ஹாரிசன் நேரில் வந்து கேட்டுவிட்டு, கூட்டம் அமைதியாக இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனார். மழை வந்தது, கூட்டம் சில நூறு பேராகக் குறைந்தது. ஃபீல்டன் பேச்சை முடித்துக்கொண்டிருந்த வேளையில் இன்ஸ்பெக்டர் ஜான் பான்ஃபீல்ட் ஏறத்தாழ 180 போலீஸாருடன் வந்து கலையச் சொன்னார். யாரோ ஒருவர் குண்டை வீசினார். போலீஸ் கண்மண் தெரியாமல் சுட்டது. ஏழு போலீஸ்காரர்களும் குறைந்தது நான்கு பொதுமக்களும் இறந்தனர். குண்டை வீசியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

எட்டுப் பேர் மீது வழக்கு நடந்தது. குண்டு விழுந்தபோது அவர்களில் இரண்டு பேர்தான் வண்டியருகே இருந்தார்கள். ஜார்ஜ் ஏங்கல் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார். மைக்கேல் ஷ்வாப் வேறொரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்கர் நீப் அந்த இடத்துக்கே வரவில்லை. தலைமறைவாகி விஸ்கான்சினில் பத்திரமாக இருந்த பார்சன்ஸ், தோழர்களைத் தனியே விடக்கூடாதென்று தானாகவே நீதிமன்றத்துக்குள் நடந்து வந்து சரணடைந்தார். நீதிபதி கேரி ஏழு பேருக்கு மரண தண்டனையும் நீபுக்குப் பதினைந்து ஆண்டுச் சிறையும் விதித்தார். இருவருக்கு ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். லூயி லிங் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஸ்பீஸ், பார்சன்ஸ், அடால்ஃப் ஃபிஷர், ஏங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு சாவுக்கு வைக்கும் கல்லை எதைக்கொண்டு அளப்பது? அழகைக்கொண்டு மட்டும் அளந்தால் வழக்கே திசைமாறிவிடும். என்னிடம் இருக்கும் அளவுகோல் நம்முடைய நடுகல்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லில் சில சொற்களே உண்டு. இன்ன ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த இன்னாருடைய கல் இது, அவ்வளவுதான். ஆனால் ஊர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. வீழ்ந்தவர் யார், எந்தச் சண்டையில் வீழ்ந்தார் என்பதை மறைக்கும் கல்லை நம் முன்னோர் நடுகல்லாகவே கொண்டிருக்க மாட்டார்கள். உரிமைக்காக இறந்தவரின் நினைவுச்சின்னத்துக்கு இதற்குக் குறைந்த தகுதி போதும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லப்போனால் ஒன்று கூடுதலாகவும் வேண்டும்: அந்த உரிமையை மறுத்தது யார் என்பதும் அதில் தெரிய வேண்டும்.

போலீஸ்காரர் சிலையை இந்த அளவுகோலில் வைக்க அதிக நேரம் தேவையில்லை. யோகான்னஸ் கெலர்ட் செய்தது. ஒற்றைக் கையை உயர்த்தி, இல்லினாய் மக்களின் பெயரால் அமைதிக்கு ஆணையிடும் காவலர். பணம் நகரத்து வணிகர்களும் யூனியன் லீக் கிளப்பும் திரட்டியது. அன்றிரவு இறந்த போலீஸ்காரர் மத்தையஸ் டீகனும் கூலிக்கு உழைத்தவர்தான், அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அவர் சாவுக்கு ஊர் அழுததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தச் சிலையில் அழுகை இல்லை. இறந்தவர் விழுந்து கிடக்கவில்லை, ஆணையிடுபவர் நிமிர்ந்து நிற்கிறார். அன்றிரவு அமைதியாக முடியவிருந்த கூட்டத்துக்குள் படையை நடத்திச் சென்றவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த பான்ஃபீல்ட், சிலை திறந்த அதே 1889இல்தான் லஞ்சக் குற்றச்சாட்டில் சிக்கிப் பதவி இழந்தார்.

ஊர் அந்தச் சிலையை ஏற்கவில்லை என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. 1927 மே 4 அன்று, சம்பவத்தின் ஆண்டு நாளிலேயே, ஒரு டிராம் தடம் விலகி அதை இடித்துத் தள்ளியது. அந்தக் கையுயர்த்திய போலீஸ்காரனைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னதாகச் செய்தி. 1969 அக்டோபரில் அது குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. மறுபடி நிறுத்தினார்கள். 1970 அக்டோபரில் மறுபடி தகர்க்கப்பட்டது. மேயர் டேலி இருபத்து நான்கு மணி நேரக் காவல் போட்டார். ஒரு வெண்கலக் காவலரைக் காக்க உயிருள்ள காவலர்கள்! முடிவில் அதைத் தூக்கிப் போலீஸ் கட்டடங்களுக்குள் கொண்டுபோனார்கள். 2007 முதல் காவல்துறைத் தலைமையகத்தில் நிற்கிறது. குண்டு வைத்தவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பொதுவெளியில் நிற்கவே காவல் தேவைப்படும் சின்னம் பொதுச்சின்னமாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது. ஒரு துறையின் துக்கச் சின்னமாக அது துறைக்குள் இருப்பதே சரி.

இனி கல்லறைக்கு வருவோம். தூக்கிலிடப்பட்டவர்களை நகர எல்லைக்குள் அடக்கம் செய்ய வழியில்லாமல் போனது. நகருக்கு வெளியே, இன்றைய ஃபாரஸ்ட் பார்க்கில், எந்த வேறுபாடும் பார்க்காமல் இடம் கொடுத்த வால்ட்ஹைம் கல்லறைத் தோட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது. சவ ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவெங்கும் ஜனக்கடல். ஆறு ஆண்டுகள் கழித்து, 1893 ஜூன் 25 அன்று, ஆல்பர்ட் வைனர்ட் செய்த சிற்பம் அங்கே திறக்கப்பட்டது.

பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். தூக்கிலிடப்பட்டவர்கள், சிறையிலிருப்பவர்கள் ஆகியோரின் குடும்பங்களைக் காப்பாற்றுவதற்காகத் தோன்றிய உதவிச் சங்கம் ஒன்றுதான் இதற்கும் நிதி திரட்டியது. விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்ட கை, அதன் பிறகு கல்லுக்கும் சேர்த்தது. தொழிலாளர்களின் சின்னச் சின்ன நன்கொடைகள். இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிலைக்குக் கோடி கொட்டிவிட்டு, சிலைக்குரியவரின் வாரிசுகளை வாடகை வீட்டில் விடுவது எங்கும் நடப்பதுதானே.

சிற்பத்தைப் பார்ப்போம். கருங்கல் தூணின் முன்னே, முக்காடிட்ட ஒரு பெண் முன்னோக்கி அடி வைக்கிறாள். காலடியில் ஒரு தொழிலாளி மாண்டு கிடக்கிறான். ஒரு கையால் அவன் தலையில் வாகைமாலை சூட்டுகிறாள். அவள் முகமோ அவனை நோக்கிக் கவிழவில்லை. எதிரே எதையோ எதிர்கொள்ள நேராகப் பார்க்கிறது. சாவைப் போற்றிக்கொண்டே சாவில் நின்றுவிடாத அந்த நடைதான் சிற்பியின் வெற்றி. பீடத்தில் 1887 என்ற ஆண்டும், தூக்குமேடையில் ஸ்பீஸ் கடைசியாகச் சொன்ன வாக்கியமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று எங்கள் குரலை நெரிக்கிறீர்கள், ஒருநாள் எங்கள் மௌனம் அதைவிட வலிமையாக இருக்கும் என்ற பொருளுடைய வாக்கியம். நெரித்தவர்களை முன்னிலையில் நிறுத்தியே அது பேசுகிறது. படிக்கும் ஒவ்வொருவரும், நான் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ளாமல் நகர முடியாது.

பின்புறத்தில் பெயர்கள் இருக்கின்றன. அங்கேதான் இந்தச் சின்னத்தின் பெரும் பலமும் இருக்கிறது. சிற்பம் திறந்த மறுநாள், 1893 ஜூன் 26 அன்று, இல்லினாய் ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் உயிரோடிருந்த மூவரையும் முழுமையாக விடுவித்தார். பாவம் பார்த்து விட்ட விடுதலை அல்ல அது. நடுவர் குழு வேண்டுமென்றே பொறுக்கி எடுக்கப்பட்டது, குற்றம் நிரூபிக்கப்படவில்லை, நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று காரணங்களை அடுக்கி எழுதினார். இப்படி எழுதினால் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்று நண்பர்கள் எச்சரித்தும் எழுதினார். 1896 தேர்தலில் தோற்றார். அந்த ஆணையின் வாசகம் பின்னாளில் வெண்கலத் தகட்டில் இந்தச் சின்னத்தின் முதுகில் பதிக்கப்பட்டது. முன்பக்கம் தூக்கிலிடப்பட்டவரின் சொல். பின்பக்கம் தூக்கிலிட்ட அரசே கொடுத்த ஒப்புதல். என் அளவுகோல் கேட்ட மூன்றும், அதாவது பெயரும் காரணமும் மறுத்தவர் யார் என்பதும், இங்கே கிடைத்துவிடுகின்றன.

குறை இல்லையா? உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த எட்டுப் பேரும் வெறும் எட்டு மணி நேரம் கேட்ட சாதுக்கள் என்ற சித்திரம் உண்மையில்லை. அவர்கள் அரசின்மைவாதிகள். முதலாளித்துவ அரசையே ஒழிக்க வேண்டும் என்றவர்கள். அவர்களுடைய இதழ்கள் டைனமைட்டைப் புகழ்ந்து எழுதின. மெக்கார்மிக் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஸ்பீஸ் எழுதிய துண்டறிக்கை ஆயுதம் ஏந்தச் சொன்னது. லிங் குண்டு செய்தவர். வால்ட்ஹைமின் முக்காட்டுப் பெண் இதையெல்லாம் தன் மேலாடைக்குள் மூடிவிடுகிறாள். காலடியில் கிடப்பவன் வாளில்லாத, கோபமில்லாத ஒரு பொதுத் தொழிலாளி. சிற்பியின் காலத்து மரபு அப்படி என்று சமாதானம் சொல்லலாம்; எனக்கு அது போதவில்லை. எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் ஒருவரைத் தூக்கிலிட முடியாது என்பதுதானே இந்த வழக்கின் உயிர்நாடி? அப்படியானால் அவர்கள் எழுதியதும் பேசியதும் கடுமையானவை என்பதை மறைப்பது அந்த வாதத்தையே மெலியச் செய்கிறது. நமக்குப் பிடித்ததை மட்டும் சொன்னவருக்கு மட்டுமே நீதி கேட்பது நீதி கேட்பதாகாது.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. சிற்பத்தில் பெண் இருக்கிறாள், ஆனால் அவள் நீதியின் உருவகம். நிஜமான பெண் ஒருத்தி சில அடி தூரத்தில் சிறு கல்லின் கீழ்க் கிடக்கிறார். பார்சன்ஸின் மனைவி லூசி பார்சன்ஸ். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த கறுப்பினப் பெண், எழுத்தாளர், பேச்சாளர். கணவர் தூக்கிலிடப்பட்டபின் ஐம்பத்தைந்து ஆண்டுகள், 1942இல் இறக்கும்வரை, மேடை மேடையாக நின்றவர். ஆண் தொழிலாளிக்கு மாலை சூட்ட உருவகப் பெண் வருகிறாள். மேடையேறிய பெண் தொழிலாளிக்கு வெண்கலம் இல்லை. 2004இல் சிகாகோ ஒரு சிறு பூங்காவுக்கு லூசியின் பெயரைச் சூட்ட முனைந்தபோது போலீஸ் சங்கம் எதிர்த்தது. இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவரின் பெயர் காவல்துறையை உறுத்துகிறது என்றால், அவர் எவ்வளவு பெரிய ஆளுமை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதே 2004 செப்டம்பரில்தான் மூன்றாவது சின்னம் திறக்கப்பட்டது. டெஸ்ப்ளெய்ன்ஸ் தெருவில், பேச்சாளர் வண்டி நின்ற இடத்தில், மேரி பிராகர் செய்த வெண்கலம். செந்நிறப் பூச்சு ஏறிய, முக அடையாளமில்லாத மனித உருவங்கள். வண்டியின் மேல் நின்று சிலர் பேசுகிறார்கள். கீழே சிலர் அந்த வண்டியைப் பூட்டுகிறார்களா பிரிக்கிறார்களா என்று சொல்ல முடியாதபடி இயங்குகிறார்கள். சிற்பமாக மட்டும் பார்த்தால் மூன்றிலும் கூர்மையான சிந்தனை இதுதான். தலைவரைப் பீடத்தில் ஏற்றாமல் மேடையையே சின்னமாக்கியது துணிச்சல். பேச்சுரிமை என்பது யாரோ தூக்கிப் பிடிக்கும் ஒரு பலகை, அதைத் தாங்கும் கைகள் விலகினால் சரிந்துவிடும் என்பதை உடல்களைக்கொண்டே சொல்கிறார். வைனர்டிடம் இல்லாத ஒன்று இது.

பிறகு பீடத்தில் உள்ள வாசகத்தைப் படிக்கிறோம். இந்த இடம் பலதரப்பட்ட மக்களுக்கும் இயக்கங்களுக்கும் அடையாளமாகியிருக்கிறது என்று தொடங்குகிறது. பேச்சுரிமை, கூடும் உரிமை, தொழிற்சங்கம், எட்டு மணி நேரப் போராட்டம், சட்டம் ஒழுங்கு, நீதி, அரசின்மைவாதம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. கடைசியில், மனிதர் மேற்கொள்ளும் இத்தகைய முயற்சிகளின் பலன்களையும் விளைவுகளையும் பற்றி இது அனைவருக்கும் ஒரு பாடம் என்று முடிக்கிறது. என்ன விளைவு? நான்கு பேரைத் தூக்கில் தொங்கவிட்டது யாரும் செய்யாமல் தானாக வந்த விளைவா? மாநில ஆளுநரே 1893இல் அநீதி என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒன்றை, நூற்றுப்பதினோரு ஆண்டுகள் கழித்து, விளைவு என்ற சொல்லால் கழுவிவிடுகிறார்கள். திறப்பு விழாவில் போலீஸ் சங்கத் தலைவரும் கலந்துகொண்டார். அவர் வந்ததில் எனக்கு மறுப்பில்லை, வரத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு மனம் நோகாமல் இருக்க வாசகத்தின் எலும்பை உருவியது தவறு. சமரசம் இருவருக்கும் பொதுவான உண்மையைத் தேடி எட்டுவது. இங்கே உண்மையைக் கொடுத்துச் சமாதானம் வாங்கியிருக்கிறார்கள்.

ஆல்ட்கெல்டுக்குச் சிகாகோ வைத்த சிலையையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரஷ்மோர் மலையைச் செதுக்கிய குட்ஸன் போர்க்லம் செய்தது, 1915, லிங்கன் பார்க். ஆளுநர் நெடிதாய் நிற்க, உழைப்பாளியும் பெண்ணும் குழந்தையும் காலடியில் ஒடுங்கியிருக்கிறார்கள். தொழிலாளர்களுக்கு நீதி செய்தவரைப் போற்ற அவர்களையே குனிய வைத்த சிலை. ஆல்ட்கெல்ட் எழுதிய ஆணை மனிதர்களை நிமிர்த்தியது. அவர் சிலை அவர்களைக் குறுக்கிவிட்டது. இதோடு ஒப்பிட்டால் பிராகரின் வண்டி எவ்வளவோ மேல்.

வண்டிக்கு ஆதரவாக இன்னொரு வலுவான வாதம் உண்டு. கல்லறை ஊருக்கு வெளியே இருக்கிறது. தேடிப்போகிறவர் மட்டுமே காண்பார். போராட்டம் நடந்தது தெருவில், ஆகவே சின்னமும் தெருவில் நிற்க வேண்டும். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மேலும் ஆண்டுதோறும் மே தினத்தில் பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் அந்தப் பீடத்தில் தங்கள் தகடுகளைப் பதித்து வருகின்றன. நகராட்சி சொல்லத் தயங்கியதைத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சொல்லி நிரப்புகிறார்கள். சிற்பத்தைவிட அந்தத் தகடுகள்தான் இன்று அந்த இடத்துக்கு உயிர். ஆனாலும் பக்கத்துத் தகடுகள் தலைமை வாசகத்தின் பொறுப்பைக் குறைத்துவிடா. வழிப்போக்கர் முதலில் படிப்பது அதைத்தான்.

இந்த வழக்கில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு: 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மே முதல் நாளை உலகுக்கே உரியதாக்கியது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது அந்த நாளின் வேர் ஹேமார்க்கெட்டில்தான் இருந்தது. இன்று பல தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் பன்னிரண்டாக நீள்கிறது. 2023இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே வேலை நேரத்தை நெகிழ்த்தும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றது. அந்த எட்டு மணி நேரத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதைச் சரியாகச் சொல்லும் கல் எது என்பது நமக்கும் உரிய கேள்விதான்.

என் தீர்ப்பு வால்ட்ஹைமுக்கே. கலையில் அது பழைய மரபு. பெண்ணை உருவகமாக்கிய பிழையும், கோபத்தை மூடிய பிழையும் அதற்கு உண்டு. இருந்தும் உழைத்தவர் பணத்தில், இறந்தவர் பெயரோடு, கொன்றவரின் ஒப்புதலையும் முதுகில் தாங்கி நிற்பது அது ஒன்றுதான். 1997இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது, கொன்ற அரசே கௌரவிப்பதா என்று சில அரசின்மைவாதிகள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு புரிகிறது, ஆனால் ஏற்கவில்லை. தவறு செய்த அரசு அந்த இடத்துக்கு வந்து தலைவணங்குவது அந்தக் கல்லின் வெற்றியே.

டெஸ்ப்ளெய்ன்ஸ் தெரு வண்டியை இடிக்க வேண்டாம், மாற்றவும் வேண்டாம். பிராகரின் உருவங்கள் அப்படியே நிற்கட்டும். பீடத்திலிருந்து அந்தப் பொது வாசகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆல்ட்கெல்டின் ஆணையிலிருந்து நடுவர் குழுவைப் பற்றியும் நீதிபதியைப் பற்றியும் உள்ள பத்திகளை அப்படியே பொறிக்க வேண்டும். கீழே எட்டுப் பெயர்கள். டீகன் உட்பட அன்று இறந்த போலீஸ்காரர்களின் பெயர்கள். தெரிந்தவரை இறந்த பொதுமக்களின் பெயர்கள். வண்டியில் ஏறிப் பேசிய உரிமையை அடுத்த அரை நூற்றாண்டு காத்த லூசி பார்சன்ஸின் பெயர். மாநிலத்தின் சொந்த ஆவணத்தைப் பொறிப்பதற்கு எந்தச் சங்கத்தின் சம்மதமும் தேவையில்லை.